மடித்து வைத்த தேதி

1

இந்தக் கதையை மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள். மூன்று பேரும் மூன்று விதமாக முடித்தார்கள். யார் சொன்னதை எழுதுவது என்று தெரியாமல் நான்கு வருடமாக நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியை மட்டும் எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். அடித்தவற்றில் சில:

"அகரம் பக்கம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த" (மழையில் தொடங்கிய கதைகள் போதும்.)

"புளியமரத்தில் கட்டி வைக்கப்பட்டவனுக்கு முப்பது வயது இருக்கும். அவன்" (இப்படித் தொடங்கினால் கட்டப்பட்டவனுக்காக மட்டும் பயப்படுவீர்கள். எனக்குப் பயம் இன்னொருவரை நினைத்து.)

"நல்லுசாமி ஒரு பொய்யும் சொல்லவில்லை."

இந்தக் கடைசி வரியை அடிக்க மனம் வரவில்லை. இதிலிருந்தே போகிறேன்.

2

நல்லுசாமி ஒரு பொய்யும் சொல்லவில்லை. தாளில் இருந்ததைத்தான் வாசித்தார்.

வருடம் 1958. அகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். திண்டுக்கல்லிலிருந்து வரும் முதல் பஸ், சிவனம்மாளின் டீக்கடையில் ஒரு செய்தித்தாளை வீசிவிட்டுப் போகும். நல்லுசாமி எட்டாவது வரை படித்தவர், கொஞ்சம் வெங்காயம் போட்டிருந்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். இருபது முப்பது பேர் கேட்பார்கள். டீ அவருக்கு இனாம். ஊரில் அவருக்குப் பெயரே பேப்பர் அண்ணன்தான். வரப்புச் சண்டையில்கூட "பேப்பர்ல போட்டிருக்கு" என்று ஒருவன் சொல்லிவிட்டால் எதிராளி வாயை மூடிக்கொள்வான். பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் "அது நெசமா?" என்று கேட்டதில்லை. அது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் மறைக்கப் போவதில்லை, அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த ஐப்பசியில் குடகனாற்றுத் தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் ஏறிவிட்டது. பஸ் நின்றது. தாளும் நின்றது. முதல் நாள் வந்தவர்கள் வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை; காய்ச்சிய பால் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் சிவனம்மாள், வடை மடித்துக் கொடுக்க வைத்திருந்த பழைய தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள்.

"அண்ணே, இதுல ஏதாச்சும் வாசிங்க. சும்மா ஒக்காந்திருந்தா எந்திரிச்சுப் போயிருவாக."

"ஏத்தா, இது எந்தக் காலத்துப் பேப்பரோ?"

"யாருக்குத் தெரியப்போகுது? ஆத்தத் தாண்டி வந்த ஆளு குடுத்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

நல்லுசாமி தாளின் மேல்விளிம்பை ஓர் அங்குலம் உள்பக்கமாக மடித்தார். தேதி இருக்கும் இடம் அது. அவர் செய்தது அவ்வளவுதான். பிறகு கண்ணில் பட்ட முதல் செய்தியை வாசித்தார்: வடக்கே ஏதோ ஒரு ஊரில் மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளைக் கடத்தும் ஆசாமிகள் நடமாடுகிறார்களாம்; பாலத்துக்குப் பலி கொடுக்கவாம்; பெற்றோர் உஷாராக இருக்க வேண்டுமாம்.*

அன்று சிவனம்மாள் கடையில் இரண்டாம் தடவை பால் காய்ச்ச வேண்டியிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

(* அந்தச் செய்தி வெறும் வதந்தி என்று நான்கு நாள் கழித்து அதே பத்திரிகையில் வந்திருந்தது. அந்தத் தாளும் அதே கட்டில்தான் இருந்தது. யாருக்கோ வடை மடித்துக் கொடுத்தாயிற்று. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.)

3

மறுநாள் உச்சிப்பொழுதில் பவுல்ராஜ் வந்தான். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வேலை. மகளை மாமியார் வீட்டில் விட்டிருந்தான். அந்த ஊருக்கு இன்னும் இரண்டு மைல். பஸ் இல்லாததால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தே வந்தவன், வாய்க்கால் கரையில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகளிடம் வழி கேட்டான். சொன்னார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான்.

அவ்வளவு போதுமானதாக இருந்தது.

ஊர் கூடி அவனைப் புளியமரத்தில் கட்டியது. பையைக் கொட்டினார்கள். மிட்டாய்ப் பொட்டலம், ஒரு சின்ன கவுன், இரண்டு கண்ணாடி வளையல்.

"எம்புள்ளைக்கு மிட்டாய் குடுத்தியா இல்லியாடா?" என்றான் உடையப்பன். அந்தச் சிறுமிகளில் ஒருத்தி அவன் மகள்.

"குடுத்தேண்ணே. வழி சொல்லுச்சு, அதான் குடுத்தேன். எம் மகளுக்கு வாங்குனது."

"பேப்பர்ல போட்டபடியே இருக்குப்பா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு பவுல்ராஜ் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை.

நல்லுசாமியைக் கூட்டிவர வெங்காயக் காட்டுக்கு ஆள் ஓடியது. செய்தி கேட்டதும் கை மண்ணைக்கூடத் தட்டாமல் கிளம்பினார். கடை வாசலில் சிவனம்மாள் நின்றிருந்தாள், கையில் அந்தத் தாள். அதில் எண்ணெய்க்கறை படிந்திருந்தது.

"அண்ணே, இது எங் கடை வடைத்தாளுன்னு சொல்லிறாதீக. கடையக் கொளுத்திப்புடுவாக."

"சொல்லாட்டி அந்த ஆளக் கொன்னுருவாங்கத்தா."

அவள் தாளை அவர் கையில் திணித்தாள். "அப்பச் சொல்லுங்க." கொஞ்சம் நின்று, "எம் பேர மட்டும் சொல்லிறாதீக," என்றாள்.

4

இங்கே எழுதுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆயிற்று. காரணம் அந்த வளையல்கள்.

பவுல்ராஜின் பையில் வளையல் இருந்ததாக எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதல் தடவை இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னபோது, மிட்டாயும் கவுனும் மட்டும் போதாது என்று நானாகச் சேர்த்தது அது. ஆறேழு வருடம் கழித்து, வத்தலக்குண்டு பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். "பையில ரெண்டு கண்ணாடி வளையல் இருந்துச்சாம் சார், பச்சைக் கலரு," என்றார். பச்சை நான் சேர்த்ததல்ல.

வளையல் நான் சேர்த்தது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். நல்லுசாமியைக் கோழை என்று எழுதியிருந்த பக்கத்தை அன்று வீட்டுக்குப் போனதும் கிழித்துப் போட்டேன்.

5

"பேப்பர் அண்ணே வந்துட்டாரு, வழி விடுங்கப்பா."

கூட்டம் விலகியது. பவுல்ராஜின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதட்டில் ரத்தம். உடையப்பன் கையில் மண்வெட்டிப் பிடி. மற்றவர்கள் கையில் கல். ஆனால் எல்லோரும் காத்திருந்தார்கள். அதுதான் நல்லுசாமியை இன்னும் பயமுறுத்தியது.

"அண்ணே," என்றான் உடையப்பன், மரியாதையாகவே. "இவன என்ன செய்யணும்னு போட்டிருக்கு? அதையும் வாசிங்க."

நல்லுசாமி தாளை விரித்தார். பழைய தாள் என்று சொல்லிவிட வேண்டும், சரி. யார் நம்புவார்கள்? தேதியை விரித்துக் காட்டினாலும் அதை வாசிக்க அந்தக் கூட்டத்தில் ஆள் கிடையாது. மடிப்புக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் அவர்களுக்கு ஒன்றுதான். அவர் வாயிலிருந்து வருவதுதான் பேப்பர். நேற்று ஒன்று வந்தது, இன்று வேறொன்று வந்தால், 'அவனிடம் எவ்வளவு வாங்கினாய்' என்று அவரையும் அதே மரத்தில்

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது.)

அப்போது மரத்திலிருந்து குரல் வந்தது. பவுல்ராஜ் பாதிரிச் சாமியார்கள் நடத்திய பள்ளியில் படித்தவன். நல்லுசாமி விரித்துப் பிடித்த தாளின் பின்பக்கம் அவனுக்கு நேராக இருந்தது.

"அண்ணே... பின்னாடி பொங்கல் ஜவுளின்னு பெருசாப் போட்டிருக்கு. இது ஐப்பசி. அது பழைய பேப்பருண்ணே. தேதிய வாசிங்க."

"பாத்தியா, படிச்ச களவாணி!" என்று ஒரு கிழவர் காறித் துப்பினார். ஒரு கல் வந்து மரத்தில் பட்டுத் தெறித்தது.

ஆனால் உடையப்பன் கையை ஓங்கவில்லை. தாளைப் பார்த்தான், நல்லுசாமியைப் பார்த்தான். அவன் முகத்திலும் பயம்தான் இருந்தது, மகளைப் பெற்றவனின் பயம்.

"அவன் சொல்றது நெசமாண்ணே? என்ன தேதி போட்டிருக்கு?"

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவன் கேட்டுவிட்டான்.

6

கூட்டத்தில் நின்றிருந்த ராமுத்தாய் சொன்ன முடிவு: நல்லுசாமி மடிப்பைப் பிரித்து உண்மையான தேதியை வாசித்தார். கட்டு அவிழ்ந்தது. அவர் அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் உட்காரவே இல்லை.

லாரி ஓட்டிய தங்கமுத்து சொன்ன முடிவு: "பிடிபட்ட ஆள்மேல் கை வைக்கக் கூடாது, போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு" என்று தாளில் இல்லாத ஒன்றை நல்லுசாமி கணீரென்று வாசித்தார். ஆள் பிழைத்தான். ஊர் கடைசிவரை அவனைப் பிள்ளை பிடிப்பவன் என்றே நம்பியது. மறு வருடம் இன்னொருவன் வந்தபோது பேப்பரைக் கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

மூன்றாவது முடிவு: நல்லுசாமி, "நேத்துத் தேதிதான்," என்றார்.

மூன்று பேர் சொன்னதாக ஆரம்பத்தில் எழுதினேன். சொன்னவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது நான். இரண்டு பேர் என்றால் குறைவாக இருக்குமே என்று நினைத்தேன். இந்த மூன்று முடிவுகளில் எனக்குத் தடையில்லாமல், ஒரே மூச்சில் எழுத வந்தது அந்த மூன்றாவதுதான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

1958 என்பதும் நான் போட்டது. ராமுத்தாய் "வெள்ளம் வந்த வருசம்" என்றார். தங்கமுத்து வருடமே சொல்லவில்லை.

நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. புளியமரத்தடியில் எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். பவுல்ராஜின் திறந்திருக்கும் ஒற்றைக் கண் தாளின் மேல் இருக்கிறது. அவன் மகள் இரண்டு மைல் தள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் (இதையும் யாரும் சொல்லவில்லை). உடையப்பன் இன்னும் கையை ஓங்கவில்லை, ஆனால் பிடியைக் கீழே போடவும் இல்லை. தாள் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. உங்களுக்கு வாசிக்கத் தெரியும்.

"சொல்லுங்கண்ணே," என்கிறான் உடையப்பன். "என்ன தேதி?"