பிரேசில் மிக்கேல்ராஜ் உயிரோடு இருக்கிறார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாசகரே: இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை. தாராவியில் ஒரு சுவரில் தொங்கியது. ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ், கறுப்பு பார்டர், மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கதை தானாக வந்து இறங்கியது என்று பீற்றிக்கொள்ளும் எழுத்தாளர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கதையை நைலான் கயிற்றில் கட்டியிருந்தார்கள்.

என் பெயர் ஜகந்நாதன். மாட்டுங்கா. ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனவன். கால்பந்து பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"பந்து உருண்டையா இருக்கும்கறதத் தவிர உங்களுக்கு என்னன்னா தெரியும்? இதப் போய் எழுதறேளே!" என்றாள் என் மனைவி அம்மிணி.

நியாயமான கேள்வி. பதிலை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன், அதுவரை எனக்குத் தைரியம் தங்கினால்.

2

தொடக்கத்துக்கு மூன்று வரி எழுதிப் பார்த்தேன்.

(அ) 'தாராவி என்பது ஆசியாவிலேயே மிகப் பெரிய' — வேண்டாம். இந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியதற்காகவே எனக்கு யாராவது ஒரு சால்வை போர்த்தலாம்.

(ஆ) 'உலகக் கோப்பைக்கு இன்னும் நாலு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து' — மோசமில்லை. ஆனால் பின்னால் வர வேண்டியது.

(இ) 'மிக்கேல்ராஜ் செத்துப்போன அன்று காலை பத்து மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.'

இதுதான் சரி. நடந்ததும் இதுதான்.

2022 டிசம்பர். முந்தின நாள்தான் பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றிருந்தது. மிக்கேல்ராஜ் டிராம்பேயில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பிரேசில் தோற்ற துக்கத்துக்கு லீவு போட்டுவிட்டு, வாயில் பிரஷ்ஷோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சிநேகிதர் சாஜன் அர்ஜென்டினா கட்சி. மாஹிமில் ஏசி மெக்கானிக். இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம்; ஒரே பள்ளிக்கூடம், ஒரே பங்குக்கோயில். மிக்கேல்ராஜின் மகள் ஜெனிஃபருக்கு ஞானத்தகப்பன் சாஜன்தான். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் வாங்கி நின்றவர்.

அந்தச் சாஜனுக்குத்தான் அன்று காலை விளையாட்டுப் புத்தி வந்தது. பிரேசில் டீம் செத்துப்போனதாக ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். மேலே வட்டத்துக்குள் டீம் படம். கீழே 'துயரத்தில் வாடும்' என்று போட்டு மிக்கேல்ராஜின் முகம். ரஹ்மத்துல்லாவின் ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

தொங்கியது வேறு. வட்டத்துக்குள் மாலையோடு மிக்கேல்ராஜ். 'பிரேசில் மிக்கேல்ராஜ் அவர்கள் இறைவனில் இளைப்பாறினார்.' கீழே 'துயரத்தில் வாடும் குடும்பத்தார்' என்று பதினொரு மஞ்சள் சட்டைக்காரர்கள்.

தெருவே பார்த்தது. யாரோ போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்ப, ஏஞ்சலம்மாளின் தம்பி செம்பூருக்கு போன் போட்டார். ஏஞ்சலம்மாள், அதாவது மிக்கேல்ராஜின் மனைவி, அங்கே ஒரு நர்சிங் ஹோமில் டூட்டியில் இருந்தார்.

"அக்கா, அத்தானுக்கு எப்படிக்கா ஆச்சு?"

ஆட்டோவில் செம்பூரிலிருந்து தாராவி வரை அந்த அம்மாள் எப்படி வந்தார் என்று எழுத மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. வந்து இறங்கினார். வாயில் நுரையோடு கணவன் நிமிர்ந்து பார்த்தார். கைப்பையால் அவர் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

(தம்பி குடும்பம் ரயிலேறிவிட்டது. போன் கிடைத்து உண்மை தெரியும்போது மதுரையைத் தாண்டியாயிற்று. 'வந்தது வந்தோம்' என்று ஏழு பேரும் கிறிஸ்துமஸ் முடித்துவிட்டுத்தான் போனார்கள்.)

அன்றிலிருந்து மிக்கேல்ராஜ் சாஜனோடு பேசவில்லை. மூன்றரை வருஷம்.

3

இப்போது தொடக்கம் (ஆ)-வை எடுத்துக்கொள்ளலாம். 2026 ஜூன். பிரம்மநாயகத்தின் சலூன். ரஹ்மத்துல்லாவின் கடைக்கும் அதற்கும் நடுவே ஒரு தகரம்தான். நான் இந்தப் பக்கம், ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, தகரம் அப்படி; எட்டிப் பார்க்கிற அளவுக்கு நடுவில் ஓட்டையும் உண்டு.

சாஜன் நாற்காலியில், கழுத்தில் துண்டோடு. மிக்கேல்ராஜ் பெஞ்சில். பெஞ்சில் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகையை அட்டையிலிருந்து கடைசிப் பக்கத்து மூல வைத்திய விளம்பரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர் அவர். பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டு, பிரம்மநாயகத்தை நடுவில் வைத்துத்தான் பேசினார்.

"பிரம்மநாயகம், அந்தாள்ட்ட கேளு. அவிய டீமு இந்தத் தடவ செமியாவது தாண்டுமா? ஸ்பெயின் இருக்கான், பிரான்ஸ் இருக்கான்."

"சாஜா, அவரு கேக்காரு, செமி—"

"எனக்குக் காது அடைக்கல. ரெண்டாயிரத்து ரெண்டுக்கு அப்புறம் அவிய டீமு என்னத்தப் புடுங்கிச்சுன்னு கேளு."

"அஞ்சு கப்பு இருக்குன்னு சொல்லு. அவிய வீட்ல மூணுதான? எண்ணத் தெரியுமா அவனுக்கு?"

"ஏழு வரைக்கும் எண்ணுவேன்னு சொல்லு. ஜெர்மனிக்காரன் சொல்லிக் குடுத்தான்."

(2014-இல் ஜெர்மனி பிரேசிலுக்கு ஏழு கோல் போட்டதாம்; பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.)

பிரம்மநாயகம் கையில் சவரக்கத்தியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. கழுத்து போயிடும், அப்புறம் நெசமாவே பேனர் அடிக்கணும்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மிக்கேல்ராஜ் பத்திரிகையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். "ஒரு தடவ ஜெயிச்ச டீமு மறு தடவையும் ஜெயிச்சது கடைசியா எப்பம்னு கேளு. அறுவத்திரண்டு. யாரு? நாங்க."

(அறுபத்திரண்டில் அவர் பிறக்கவே இல்லை. 'நாங்க' என்பதில் குறுக்கிட எனக்கு உரிமை இல்லை. என் வீட்டிலும் கிரிக்கெட் பார்க்கும்போது இந்த 'நாங்க' உண்டு.)

அப்போது ரஹ்மத்துல்லா என் பக்கத்திலிருந்து தகரத்தைத் தட்டி, "அரே பாய், இந்தியா கா க்யா சான்ஸ்?" என்று இந்தியாவின் வாய்ப்பை விசாரித்துக் கத்தினார்.

சவரக்கத்தி அந்தரத்தில் நின்றது.

"குராசாவோன்னு ஒரு நாடு வந்திருக்காம்" என்றார் பிரம்மநாயகம் மெதுவாக. "மொத்தமே ஒன்றரை லட்சம் பேரு. ஞாயித்துக்கெழம நைன்டி ஃபீட் ரோட்ல அவ்ளோ பேரு காய் வாங்குதான்."

"நாப்பத்தெட்டு டீமுக்கு எடம் போட்டும் நமக்கு நிக்கக்கூட எடமில்ல" என்றார் சாஜன். "விரார் லோக்கல் ட்ரெயினு தேவல."

மிக்கேல்ராஜ் சிரித்துவிட்டார். பத்திரிகை குலுங்கியது. அதைப் பார்த்ததும் சாஜனுக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. பிரம்மநாயகத்தை விட்டுவிட்டு நேராகக் கேட்டுவிட்டார்:

"ஏல மிக்கேலு, அந்த குரோஷியா மேட்ச்ல எக்ஸ்ட்ரா டைம்ல ஒரு கோல் முன்னால இருந்தியள்லா? முடிய மூணு நிமிசம். எதுக்குல எல்லாப் பயலும் மேல ஏறுனிய?"

"அதத்தாம்ல நானும்—" என்றார் மிக்கேல்ராஜ்.

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். அந்த மூன்று நிமிஷத்தில் குரோஷியா திருப்பிப் போட்ட ஒரு கோலைப் பற்றிப் பேச மூன்றரை வருஷமாக அவருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. பேசுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளோடு பேச்சில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தாடி மழிக்காமலே வெளியே வந்தார்.

4

வந்தவர் நேரே எங்கள் பக்கம் நுழைந்தார். ஏஞ்சலம்மாள் அங்கே காத்திருந்தார். ஜூலை பதினெட்டு ஜெனிஃபருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆன்றோ, தேவ்நார்க்காரர். மண்டப வாசலுக்கு ஃப்ளெக்ஸ்.

நான் வாசித்தேன். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், பிறகு வழக்கப்படி, "ஞானத்தகப்பன்…?"

"அந்த வரி வேண்டாம் சார்."

"அவன்தாங்க பிள்ளையக் கையில வாங்குனவன்" என்றார் ஏஞ்சலம்மாள்.

"எம் பொஞ்சாதி முக்கா மணி நேரம் விதவையா இருந்தா சார். ஆட்டோல தனியா. அத எவன் திருப்பித் தருவான்?"

"விதவையா இருந்தது நானு. எனக்கே கோவம் போயிட்டு. மாப்பிள்ளப் பயலு ஜெர்மனி டீமு. ஏழு கோல் போட்டவனுக்கு மகளையே குடுக்கிய, ஒரு பேனர் போட்டவன மன்னிக்க மாட்டியளோ?"

"வேணும்னே போட்டான்" என்றார் மிக்கேல்ராஜ். "தோத்தவன அடிக்கலாம். கேலி பண்ணலாம். பொணமாக்கலாமா? நான் அவனுக்கு அப்படிப் பண்ணுவேனா?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது, வாசகரே. சாஜன் வில்லனாகச் சரியாக உட்கார மாட்டேன் என்கிறார். வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்து, "நான் சொன்னது வேற, அடிச்சது வேற" என்று அப்போதே சொன்னவர். அப்படியானால் ரஹ்மத்துல்லாவா? தென்காசிப் பூர்வீகம், தாராவியில் பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழ் ஃப்ளெக்ஸ் என்றால் வாசகமும் படம் எங்கே வைக்க வேண்டும் என்பதும் வாட்ஸாப்பில் வரும், வந்தபடி அடிப்பார். அனுப்பியது

[இங்கே ஒரு வாக்கியம் ஆறு முறை எழுதி ஆறு முறை அடிக்கப்பட்டது.]

5

நான்தான் அனுப்பினேன்.

என் மகள் ஷ்ருதியின் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்த ரஹ்மத்துல்லா கடைக்குப் போனவன், அப்படியே அங்கே தமிழ் எழுதித் தருகிறவனாக ஒட்டிக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு படம் வந்தது. கூடவே மூன்று விஷயம்: பிரேசில், மிக்கேல்ராஜ், கண்ணீர் அஞ்சலி. சாஜன் சொன்ன விளக்கத்தை ரஹ்மத்துல்லா அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. நானூறு பேருக்காவது அஞ்சலி எழுதிய கை இது. தனி முகமா, வட்டத்துக்குள் போ. கூட்டமா, குடும்பத்தார், கீழே போ.

மஸ்கட் மாணிக்கம், துபாய் தாமஸ் என்றெல்லாம் இந்தப் பக்கம் பட்டப்பெயர் உண்டே, இவர் பிரேசிலில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பதினொரு பேரும் ஒரே துணியில் சட்டை தைத்திருந்தார்கள். இத்தனை ஆண் பிள்ளைகளா என்று ஒரு நொடி பொறாமைகூடப் பட்டேன். 'பாசமாய் வளர்த்த பதினொரு பேரைப் பரிதவிக்க விட்டீரே' என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தேன். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை கடைக்குப் போனால் சண்டை. சாஜன் சத்தியம் செய்கிறார். மிக்கேல்ராஜ் கத்துகிறார். "வந்தத அடிச்சேன் பாய்" என்று சொல்லிவிட்டு ரஹ்மத்துல்லா என்னைப் பார்த்தார். நான் ஒரு காதணி விழாப் பத்திரிகையில் ஒற்று மிகுமா என்று உற்றுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வாட்ஸாப்பை அழித்தேன். ரஹ்மத்துல்லா இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சே, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

6

முடிவுகள்.

ஒன்று: சாஜனின் பெயரை நானே கமுக்கமாகச் சேர்த்துவிடுவது. ரஹ்மத்துல்லா அடித்துவிடுவார். ஆனால் அந்தக் குடும்பத்தில் யார் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்காமல் நான் ஒரு தடவை முடிவு செய்தாயிற்று. போதும்.

இரண்டு: இறுதி ஆட்டத்தில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் மோத, பரவசத்தில் இருவரும் கட்டிக்கொள்வது. என் பாவத்தை இருபத்திரண்டு பேரின் காலில் போடுகிற வேலை. வெட்கங்கெட்ட முடிவு.

மூன்று: மிக்கேல்ராஜ் வீட்டுக்குப் போய் நேரில் ஒத்துக்கொள்வது. போனேன். போன வியாழக்கிழமை. அவர்கள் தெரு முனைவரை போய், ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பழம் நன்றாக இருந்தது என்றாள் அம்மிணி.

7

ஆக, எழுத மட்டும் தெரிந்தவன் எழுதியிருக்கிறேன். இந்த இதழ் ஜூலை முதல் வாரம் வந்துவிடும் என்று ஆசிரியர் உறுதி சொல்லியிருக்கிறார். அப்போது பிரேசில் போட்டியில் இருக்குமோ இருக்காதோ, பிரம்மநாயகத்தின் பெஞ்சில் ஒரு பிரதி இருக்கும். வைக்கப்போவது நான். கல்யாண ஃப்ளெக்ஸ் பதினைந்தாம் தேதிதான் அச்சுக்குப் போகிறது.

வாசகரே வாசகரே என்று இவ்வளவு நேரம் ஊருக்குப் பொதுவாகக் கூப்பிடவில்லை. மிக்கேல்ராஜ், உங்களைத்தான். ஒரு வரி விடாமல் படிக்கிறவர் என்று தெரியும், இங்கேயும் வந்திருப்பீர்கள். உங்களைச் சாகடித்தது சாஜன் இல்லை. நான். உங்கள் வீட்டம்மாவை அந்த ஆட்டோவில் தனியாக அழ வைத்ததும் நான்தான். தகரத்துக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். வந்து என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள், முதுகில் நாலு சாத்துகூடச் சாத்துங்கள். ஓட மாட்டேன்.

அதற்கு முன்னால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவராகத்தான் இருக்கும். முடிய மூன்று நிமிடம் இருக்கையில் எதற்கு எல்லோரும் மேலே ஏறினீர்கள் என்று கேட்டவருக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பிரம்மநாயகத்தை நடுவில் வைக்காமல் சொல்லுங்கள், அல்லது சொல்லாதீர்கள். அது நான் எழுதக்கூடிய இடமில்லை.

ஃப்ளெக்ஸில் அந்த ஒரு வரியைக் காலியாக வைத்திருக்கிறேன்.