அன்பரசிக்கு முளைத்த இறகு

அன்பரசியின் தோளில் முதல் இறகு முளைத்த செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டில் இருந்தவர்கள்: பண்ணை முதலாளி நரசிம்மன், கூட வேலை செய்யும் பிரபா, நாலாயிரத்து இருநூறு முட்டைக் கோழிகள். கோழிகளில் முக்கால்வாசிக்குக் கழுத்திலும் முதுகிலும் இறகே கிடையாது. கூண்டுக் கம்பியில் உரசியும், பக்கத்துக் கோழி கொத்தியும், தினம் ஒரு முட்டை போட்டே உடம்பு வற்றியும், உயிரோடு உரித்த மாதிரி நிற்கும். அந்த வாரம் நூறு கோழிக்குத் தினம் தொண்ணூற்று மூன்று முட்டை விழுந்தது.

மதுராந்தகம் பக்கத்து அந்தப் பண்ணையில் அன்பரசிக்கு ஒன்பது வருஷம். முட்டை நின்றுபோன கோழிகளை மாதாமாதம் கழித்துக் கறிக்கடை வண்டியில் ஏற்றுவது அவள் பொறுப்பு. அதற்கு அவள் பார்ப்பது இறகை. பழையது உதிர்ந்து புதுசு முளைத்து மினுமினுவென்று நிற்கிற கோழி, தின்றதையெல்லாம் இறகுக்கே கொடுத்துவிட்டது. அதனிடம் முட்டை இருக்காது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிவிடுவாள். அவள் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஆகவே தன் தோளில் வெள்ளையாக ஒன்று முளைத்ததும் அதன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிடுங்கினாள். மறுநாள் அதே இடத்தில் இரண்டு இருந்தன. பண்ணையில் கொடுத்த அறைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் அதுவும் போகும். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு நாலு மாதம் ஓட்டினாள். இறகு விரல் வரை இறங்கியதும் முட்டைகள் கையிலிருந்து வழுக்கின. ஒரு மணி நேரத்தில் முப்பது அட்டை முட்டை அடுக்கியவள் பதினெட்டுக்கு வந்தாள்.

"இன்னாக்கா, சட்டைக்குள்ள தலகாணி வச்சிகினு கீறியா?" என்று பிரபா காலரைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "சும்மா சொல்லக்கூடாதுக்கா, நல்லா மின்னுது."

நரசிம்மன் டாக்டரைக் கூப்பிடவில்லை. கழிக்கிற நாளன்று அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினார். "நீயே சொல்லும்மா. ஒம்போது வருசமா நீதான கழிக்கிற. இது நிக்குமா, போவுமா?"

இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. "போவும் மொதலாளி" என்றாள்.

கறிக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கறி தேறாது என்றார். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதி அவளை எடுத்துக்கொண்டது. அங்கே ஆம்லெட் சாப்பிட வருகிறவர்களுக்கு, முட்டை போட்ட கோழி புல்வெளியில் நிம்மதியாக உலாவுவதைப் பார்க்க வேண்டும். முட்டை நரசிம்மன் ஷெட்டிலிருந்துதான் போனது; அதைப் போட்ட கோழிகளை வெளியே காட்ட முடியாது. அன்பரசி காலை ஏழிலிருந்து பதினொன்று வரை புல்லில் நடந்தாள். சம்பளம் இரண்டு மடங்கு. மூன்று வருஷத்தில் ஒருவரும் பெயர் கேட்கவில்லை. குழந்தைகள் பொரி போட்டார்கள். ஒருமுறை பிரபா முட்டை வண்டியில் வந்தாள். இப்போது மணிக்கு நாற்பது அட்டை அடுக்குகிறாளாம். தலையில் பாதி முடி இல்லை.

சாயங்காலம் ஆறுக்குக் காவலாளி திருவேங்கடம் அவளைத் தோட்டத்துக் கோடியிலுள்ள கம்பிவலை அறைக்குக் கூட்டிப்போவார். ஒருநாள், "அண்ணாத்த, தாப்பாள உள்பக்கம் வச்சிக் குடேன், நானே போட்டுக்கிறேன்" என்றாள்.

"நாய் வருதும்மா. இந்தக் கைய வச்சிகினு எப்டி போடுவ?"

அவர் சொன்னது சரிதான். அவள் உள்ளே போய்ச் சிறகை மடித்துக்கொண்டு நின்றாள். அவர் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.