ஓட்டுநரை உங்களுக்குத் தெரியுமா?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு என்றே ஒரு வியாதி உண்டு. வலது கால் வியாதி. பயிற்சிக் காரில் மாணவர் ஓட்ட, இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் மிதிக்க மறந்தால் இவர்கள் மிதிக்க வேண்டும். பதினேழு வருஷமாக மிதித்த கால் சும்மா கிடக்குமா? மாணவர்கள் பிரேக்கம்மா என்று பேர் வைத்திருந்த டீச்சரின் கால் பஸ்ஸில் மிதிக்கும், லிஃப்டில் மிதிக்கும், டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் சோபாவில் இருந்தபடியே மிதிக்கும். "நல்லவேளை, நம்ம சோபா நின்னுகிட்டுதான் இருக்கு" என்பார் கணவர். அதையும் அவள் காதில் விழாத தூரத்துக்குப் போய்த்தான் சொல்வார்.

வண்டி விஷயத்தில் அவள் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டாள். லைசென்ஸ் வாங்கிய மாணவர்களை வரிசையாக நிற்கவைத்துக் கடைசிப் பாடம் ஒன்று எடுப்பாள்.

"கண்டமேனிக்கு ஓட்டுறவனப் பாத்தா, ஓட்டை வண்டியப் பாத்தா, நமக்கென்னன்னு போகக்கூடாது. ஓரமா நிறுத்துங்க. ஹேண்ட்பிரேக் போடுங்க. புகார் எழுதுங்க. யாரு வண்டி, எவரு வண்டின்னு பாக்காதீங்க. இன்னிக்கு நாம விட்டோம்னா நாளைக்கு அது யாரு பிள்ளை மேலயோ ஏறும்."

புகார் எழுதப் போக்குவரத்து அலுவலகம் போனில் ஒரு செயலி வைத்திருந்தது. நாலே கேள்விகள். வண்டி எண் என்ன? எங்கே பார்த்தீர்கள்? என்ன குறை? நாலாவது: ஓட்டுநரை உங்களுக்குத் தெரியுமா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். பிரேக்கம்மா இதுவரை இருபத்துமூன்று புகார் கொடுத்திருந்தாள். இருபத்துமூன்றிலும் "இல்லை"தான். கை கூசாமல் அழுத்தியிருந்தாள்.

இருபத்துநாலாவதில்தான் மாட்டிக்கொண்டாள். வண்டி அவளுடைய அண்ணனுடையது.

அண்ணனுக்குப் படச்சட்டக் கடை. கண்ணாடி அறுத்து, மரம் இழைத்து, கல்யாணப் போட்டோவுக்கும் காலமானவர்கள் போட்டோவுக்கும் சட்டம் போடுவார். அவருடைய காருக்கு வயது இருபத்தெட்டு, பெயர் ராசாத்தி. ராசாத்திக்கு எது கெட்டாலும் மெக்கானிக்கிடம் போகாது, கடைக்குத்தான் போகும். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்த இடத்தில் தங்க நிறப் பூவேலைச் சட்டத்தோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. முன் பம்பரைப் பிடித்திருந்தது படம் மாட்டுகிற கம்பி. "நாப்பது கிலோ தாங்கும், தெரியுமா?" என்பார் பெருமையாக. பிரேக்கை மூன்று தடவை மிதித்தால் நாலாவது தடவை பிடிக்கும். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். "நல்ல பொண்ணு. எடுத்த உடனே சொன்னா கேக்காது. பொறுமையாச் சொன்னா கேக்கும்."

இதெல்லாம் இத்தனை நாள் தெரியாதா என்று கேட்டால், தெரியும். கண்டும் காணாமல்தான் இருந்தாள். கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு தெரு, உருட்டிக்கொண்டு போய் வருகிறார், போகட்டும் என்று விட்டிருந்தாள். ஆனால் வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. புதுப் பள்ளிக்கூடம், தூரம் அதிகம். பிரேக்கம்மாவின் ஒன்பது வயது மகளைத் தினமும் கொண்டுபோய் விடுவது தாய்மாமன் பொறுப்பு என்று அண்ணன் அறிவித்துவிட்டார்.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, பிள்ளை எதுக்குப் பஸ்ல நசுங்கணும்?"

அண்ணி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தில் அண்ணன் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. இப்போது முடி வெட்டிக்கொண்டார், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். முன் இருக்கையில் குழந்தைக்கு ரோடு தெரியட்டும் என்று ரோஜா நிற மெத்தை ஒன்றுகூட வாங்கிப் போட்டுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து, உன் வண்டி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இவள் சொல்வதா? பத்தொன்பது வயதில், பெண்பிள்ளைக்கு எதற்கு ஸ்டீயரிங் என்று வீடே குதித்தபோது, இதே ராசாத்தியில் உட்காரவைத்து இவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். இவள் இன்றைக்குச் சாப்பிடுகிற சோறு அந்த வண்டி போட்டது.

ஆனாலும் சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவை சொன்னாள். "ராசாத்தியையா சொல்ற?" என்று அண்ணன் ஏதோ பெரிய ஜோக் கேட்டதுபோலச் சிரித்தார். இரண்டு வருஷம் கழித்து வந்த சிரிப்பு ஆயிற்றே, அதற்கு மேல் அவளுக்கு நாக்கு எழவில்லை.

அந்த வாரம் முழுக்கக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் புகார் எழுதினாள். மூன்று கேள்விக்கும் மளமளவென்று பதில் வரும். நாலாவதில் விரல் நின்றுவிடும். அழித்துவிடுவாள். இப்படிப் பதினொரு தடவை.

"இல்லைன்னு போட்டுடேன்" என்றார் கணவர், கதவுக்கு வெளியே இருந்து.

"கூடப்பிறந்தவனத் தெரியாதுன்னு எழுதச் சொல்றீங்களா?"

"அப்ப ஆமான்னு போடு."

"கூடப்பிறந்தவனையே போட்டுக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"நான் எதுவுமே சொல்லல, தாயே" என்று அவர் துணி காயப்போடப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த வண்டியில் ஒரு தடவை தானே போய்ப் பார்த்துவிடுவது. பள்ளிக்கூடம் வரைக்கும் போய் வரலாம், வழி பார்த்த மாதிரியும் இருக்கும் என்றாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ராசாத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தி, ரோஜா மெத்தையைத் தட்டிப் போட்டு, "உக்காரு பாப்பா" என்றார். நாற்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

முதல் திருப்பத்திலேயே அவள் கால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் ஏது? வெறும் கம்பளம். இரண்டாவது திருப்பத்தில் ஒரு மிதி. சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தபோது இரண்டு மிதி. தரை லேசாக அமுங்குவதுபோலத் தெரிந்தது. பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பெரிய சிக்னல் வந்தது. சிவப்பு. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அண்ணன் முதல் மிதி மிதித்தார். ராசாத்தி கேட்கவில்லை.

"அண்ணா, பிரேக்கு!"

"சொல்லிக்கிட்டு இருக்கேன், கேப்பா."

இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கம்மா கண்ணை இறுக மூடினாள். பதினேழு வருஷ அனுபவம் அத்தனையையும் வலது காலில் இறக்கி ஒரே ஒரு மிதி மிதித்தாள். அண்ணனின் நாலாவது மிதியும் அதே நேரம் விழுந்தது. ராசாத்தி லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கூடவே 'படார்' என்று ஒரு சத்தம். அவள் கண்ணைத் திறந்தபோது வலது கால் முழங்கால் வரைக்கும் காணவில்லை. உள்ளங்காலில் மட்டும் சுடச்சுட ஏதோ பட்டது.

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்கள் அலறின. அண்ணன் கியரில் கை வைத்தார்.

"எடுக்காதண்ணா! கால் ரோட்டுல நிக்குது!"

"யாரு காலு?"

"என் காலுதான்!"

அண்ணன் எட்டிப் பார்த்தார். கம்பளத்துக்கு அடியில் தகரம் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. அந்த ஓட்டைக்கு மேல், படத்துக்குப் பின்னால் வைக்கிற மெல்லிய பலகையை ஒட்டி வைத்திருந்தார். அதைத்தான் தங்கை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். முழங்காலைச் சுற்றிப் பலகை, சட்டம் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது.

"நல்ல பலகையாச்சே, எப்படி உடைஞ்சது?" என்றார் அண்ணன். அதைக் கேட்டதும்தான் பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயந்து செத்துப் பிழைத்தவளுக்கு வருகிற சிரிப்பு, லேசில் நிற்குமா? குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்த நேரத்தில் அவள் பக்க ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. கையில் அவளுடைய செருப்பு. வந்தது தையல்காரம்மா. மூன்று தடவை தேர்வில் தோற்று, போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கிய மாணவி.

"டீச்சர், நீங்களா!" என்று அவர் வாயில் கை வைத்தார். "பின்னாடியே வந்தேன். ஒரு காருக்கு அடியில இருந்து முதல்ல செருப்பு வந்துச்சு, அப்புறம் காலு வந்துச்சு. நீங்க சொல்லிக்கொடுத்தபடியே ஓரமா நிறுத்திட்டு, புகார் எழுதலாம்னு போனை எடுத்துட்டு வந்தேன். ஐயையோ, எனக்குத் தெரியாது டீச்சர். நான் எதையும் பாக்கல. வரேன்."

"நில்லுங்கக்கா. ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?"

"போட்டேன் டீச்சர்."

பிரேக்கம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள். புதிதாக வெட்டிய முடி, இஸ்திரி போட்ட சட்டை.

"அப்ப எழுதுங்க" என்றாள்.

தையல்காரம்மா எழுதினார். வண்டி எண் எழுதினார், இடம் எழுதினார். குறை என்ன என்ற இடத்தில் பழக்கதோஷம் விடவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, ஜன்னல் வழியாகக் குனிந்து, ஓட்டையை அளந்தார். "நீளம் பதினொண்ணே கால், அகலம் ஏழு. காலுக்கு மேல கொஞ்சம் லூசாத்தான் இருக்கு, மெதுவா உருவினா வந்துடும் டீச்சர்."

அண்ணன் கைகளை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருந்தார். "பாப்பா, என் வண்டி மேலயா?" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பதினொரு தடவை நானே எழுதினேண்ணா. பதினொரு தடவையும் அழிச்சேன். உன்ன நினைச்சா கை வரல." குனிந்து தன் காலைக் காட்டினாள். "ஆனா நான் இப்ப எதுல உக்காந்திருக்கேன்னு பாரு."

அண்ணன் பார்த்தார். ரோஜா மெத்தை. அதற்குக் கீழே ஓட்டை. ஓட்டைக்குள் தங்கையின் கால். காலைச் சுற்றி, வெயிலில் பளபளக்கிற தார் ரோடு. சுற்றிலும் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், கடைசிக் கேள்விக்கு என்ன போட?" தையல்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஓட்டுநரை உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குது. உங்களத் தெரியும், இவரத் தெரியாது. உங்களுக்குத்தானே இவரத் தெரியும்?"

பிரேக்கம்மா கை நீட்டித் தன் செருப்பை வாங்கிக்கொண்டாள்.

"தெரியும்னு போடும்மா" என்றார் அண்ணன். "என்னைக் கேட்டாப் போதும். எனக்கு அந்த ஆளை நல்லாத் தெரியும். தங்கச்சி மூணு தடவை சொல்லியும் கேக்காதவன்."

தையல்காரம்மா 'ஆம்' அழுத்தினார். பிறகு மூவரும் சேர்ந்து காலை உருவினார்கள். சிராய்ப்பு மட்டும்தான். ராசாத்தியை ஓரமாகத் தள்ளத் தண்ணீர் லாரிக்காரர் இறங்கி வந்தார். ஓட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், சிரித்துச் சிரித்து அவரால் தள்ளவே முடியவில்லை. அண்ணனும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அண்ணன் போனை எடுக்கவில்லை. பிரேக்கம்மாவுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை, முதல் வகுப்பை அரைமணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, மகளைப் பயிற்சிக் காரின் பின் இருக்கையில் ஏற்றினாள். வாசலில் இஸ்திரி சட்டையோடு அண்ணன் நின்றார். கையில் ரோஜா மெத்தை.

"தாய்மாமன் கொண்டுபோய் விடுறேன்னு சொன்னா விடணும்" என்றார். மெத்தையைப் பின்னால் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, முன்னால் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அண்ணனின் கால் தானாக மிதித்தது. அவர் காலடியில் பிரேக் இருந்தது. கார் அங்கேயே, அப்படியே நின்றது.

"ஒரே மிதியில நிக்குதே, பாப்பா" என்றார் அவர். திரும்பி, பின்னால் மெத்தைமேல் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். "நான் மூணு மிதி மிதிக்கிறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"மாமா, இன்னொரு தடவை!" என்று கத்தினாள் குழந்தை.

பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவர் முப்பத்தொரு தடவை மிதித்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். பிரேக்கம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.