முப்பது வினாடி மௌனம்

அண்ணன் இறந்த நாலாவது வருஷம் தம்பி ஒரு படம் எடுத்தார். அதில் எந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்தாலும் அண்ணனின் குரல் விழுந்தது. காட்சி முடிந்ததும் எல்லோரையும் வாய்மூடி நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை முப்பது வினாடி பிடித்துவைப்பது ஒலிப்பதிவில் வழக்கம். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும். பிடித்தவள் அண்ணனின் மனைவி. குளியலறை, பள்ளிக்கூட வராந்தா, பூட்டிக் கிடந்த அச்சகம் என்று எங்கே போனாலும், ஹெட்போனுக்குள் அவள் புருஷன் மூச்சிரைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஒன் மோரா, தம்பி? காலு வழுக்குதுடா."

அண்ணன் கேமராவோடு தானாகத்தான் நாலு மாடிக் கட்டடத்தின் விளிம்பில் ஏறி விழுந்தார், யாரும் ஏறச் சொல்லவில்லை என்று கொழுந்தன் அன்றைக்கே சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் மைக் பிடிக்க வந்தாள். கதவு சாத்துவதையே பதினேழு தடவை எடுக்கிற மனுஷன் கொழுந்தன். யூனிட்டில் அவருக்கு 'ஒன் மோர்' என்றே பெயர். இந்தக் கதவு தேய்ந்து ஜன்னலாகிவிடும் என்பார் லைட்மேன். அவளும் சிரித்திருக்கிறாள்.

குரலை அழித்துப் பார்த்தாள். மறுநாள் இன்னும் களைத்துப்போய் வந்தது. அது இல்லாத மௌனம் ஒரு வினாடிகூடக் கிடைக்கவில்லை. படம் அப்படியே நின்றது. பன்னிரண்டாம் நாள், அந்த அச்சகத்தில், உச்சிவெயில் நேரம், ஹெட்போனைக் கழற்றிக் கொழுந்தன் காதில் மாட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி, நான்தான் அன்னிக்கு, என்று ஆரம்பித்தவரை அவள் நிறுத்தினாள்.

"எங்கிட்ட அப்புறம் சொல்லலாம் தம்பி. அவரு கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. நாலு வருஷமா விளிம்புலயே நிக்கிறாரு."

அவர் எழுந்து மைக் முன்னால் நிற்கவே நாற்பது நிமிஷம் ஆனது.

"போதும் அண்ணா. ஓகே ஆயிடுச்சு. இறங்கி வாங்க."

படிகளில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்தில் மாடி கிடையாது, படியும் கிடையாது. நாலு மாடி அளவுக்கு நிதானமாக இறங்கிய கால்கள் அவளை உரசிக்கொண்டு வெளியே போயின. அவள் கருவியை அணைக்கவில்லை. அதற்குப் பிறகு கொழுந்தனிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவும் இல்லை.

படம் சின்னச் சின்ன அரங்குகளில் ஓடுகிறது. அந்தக் காலடிச் சத்தம் வரும்போது ஓர இருக்கைக்காரர்கள், யாரும் சொல்லாமலே, காலை உள்ளே இழுத்து வழிவிடுகிறார்கள்.