எங்கள் திமிதர் இன்னும் வரவில்லை

"தாத்தா, இந்த முதியோர் சலுகை அட்டை செல்லாது" என்று டிக்கெட் பரிசோதிக்கும் பெண் சொன்னபோது ஸ்தாமென் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். சீருடை போட்டவர்கள் வாங்கிய பொருளைத் திருப்பித் தருகிறார்களா என்று கவனிப்பது அவர் வழக்கம். எழுபத்தெட்டு வயதுவரை அந்த வழக்கத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

"ஏன் செல்லாது? திமிதர் நாள் வரைக்கும் செல்லும்னு போன வருஷம் கவுண்டர்ல இருந்தவளே சொன்னா. இன்னும் ஏழு நாள் இருக்கு."

"திமிதர் நாள் போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருச்சு தாத்தா. எங்க வீட்டுக்காரர் பேரே திமிதர்தான். பேர் நாளுன்னு வந்தவங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட்ட இடுப்பு வலி எனக்கு இன்னும் போகல."

"அது உங்க டவுன் திமிதர். எங்க ஊர்த் திமிதர் இன்னும் வரல."

ரயில் பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். ஸ்தாமென் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவருடைய ஊரில் புனிதர்களின் நாட்களைப் பழைய நாட்காட்டிப்படிதான் கொண்டாடுவார்கள். டவுனுக்குப் பதின்மூன்று நாள் கழித்துத்தான் அங்கே எல்லாப் புனிதரும் வருவார்கள். புதிதாக வந்த பாதிரியார் ஒருவர் இதை மாற்றப் பார்த்தார். அவர்தான் மாற்றலாகிப் போனார், நாள் மாறவில்லை. ஸ்தாமென் ஆடு மேய்த்த நாற்பது வருடமும் வசந்தத்தில் கியோர்கி நாளில் மந்தையை ஏற்று, குளிர் தொடங்கும் திமிதர் நாளில் எண்ணி ஒப்படைத்திருக்கிறார். கவுண்டர்க்காரி "திமிதர் நாள்" என்றதும் மேற்கொண்டு கேட்க அவருக்கு என்ன இருந்தது? அட்டையிலிருந்த தேதி எறும்பு அளவுக்கு இருந்தது. படித்தது நாலு வகுப்பு. அச்சடித்ததையும் அவர் அவ்வளவாக நம்புவதில்லை.

"மெஷினுக்கு ஒரே ஒரு திமிதர்தான் தெரியும்" என்றாள் அந்தப் பெண். சட்டையில் ரலித்ஸா என்று பெயர் குத்தியிருந்தது. "முழு டிக்கெட்டும் அபராதமும் சேர்த்து இருபது லெவா. இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கோங்க. தினம் பத்து பேர் எனக்குக் கதை சொல்றாங்க தாத்தா."

"கதையா? நான் உனக்குக் கதை சொல்றேனா?"

எதிர் இருக்கையில் ஊறுகாய் ஜாடிகளை மடியில் வைத்திருந்த அம்மாள், "விடுங்கண்ணே, பாதி நான் போடுறேன்" என்று பையைத் திறந்தாள்.

"உன்கிட்ட நான் கேட்டேனா?"

"கேக்கலதான். எங்க அண்ணனும் இப்படித்தான், தண்ணி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு" என்று அவள் பையை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் அந்தப் பக்கம் போக சாயங்காலம்தான் வேறு ரயில். பன்னிரண்டு மணிக்கு வெல்கோவைக் கூட்டிப்போக அவர் மருமகன் காரோடு வந்துவிடுவான். ஸ்தாமெனோடு சேர்ந்து மந்தை மேய்த்தவர் வெல்கோ. ஆடுகளை விற்றபோது நாய்க்குட்டி கராமன் வெல்கோவின் பங்காகப் போயிற்று. இப்போது வெல்கோவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. மருமகன் வீடு டவுனில், மூன்றாவது மாடியில். நாய்க்கு அங்கே இடமில்லை. பன்னிரண்டுக்குள் நாயை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லையென்றால் தெருநாய்களைப் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிடுவேன் என்று மருமகன் மரியாதையாகவே சொன்னானாம். பெட்டிக்கடைக்கு வந்த போனில் வெல்கோ அதைச் சொன்னதும், வர்றேன் என்றார் ஸ்தாமென்.

ஸ்தாமெனிடம் ஒரே ஒரு இருபது லெவா நோட்டு இருந்தது. திரும்பும்போது அவருக்கும் நாய்க்கும் டிக்கெட் எடுப்பதற்காகக் கொண்டுவந்தது. கராமனின் வாய்க்கு மாட்டுவதற்குப் பழைய வாரை வெட்டி மூடிகூடத் தைத்து வைத்திருந்தார்.

நோட்டை நீட்டினார். "ரசீது குடு. முத்திரை போட்டுக் குடு."

ரலித்ஸா முத்திரை குத்தினாள். அவர் ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அட்டைக்காகக் கையை நீட்டினார்.

"செத்துப்போன அட்டை எதுக்கு தாத்தா?"

"எட்டாம் தேதி வரைக்கும் அதுக்கு உயிர் இருக்கு."

இந்தத் தடவை அவளும் சிரித்துவிட்டாள். அட்டையைக் கொடுத்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெல்கோ வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. வெல்கோ முன் இருக்கையில் கைத்தடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலிக் கம்பத்தில் கராமன் கட்டப்பட்டிருந்தது.

"வந்துட்டியா கழுதை. வரமாட்டேன்னு நெனச்சேன்."

"வர்றேன்னு சொன்னா வருவேன்."

"ரயில்ல இவன் பயந்துக்குவான்டா. ஏறினதே இல்ல. காதுமேல கைய வச்சுக்கிட்டே உக்காரு."

"வச்சுக்கறேன்."

பணம் போன விஷயத்தை அவர் சொல்லவில்லை. சொன்னால் வெல்கோ மருமகனைப் பார்ப்பார், மருமகன் பர்ஸை எடுப்பான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு, தன் ஊர்வரை பதினெட்டு கிலோமீட்டர் நடப்பது மேல். வெல்கோ கண்ணாடியை இறக்கி நாயின் மூக்கை ஒருமுறை தொட்டார். கார் போய்விட்டது.

இஸ்கர் ஆறும் தண்டவாளமும் சாலையும் மலை இடுக்கில் ஒட்டி ஒட்டியே போகும் இடம் அது. ஊரைத் தாண்டி முதல் வளைவில் கராமன் படுத்துக்கொண்டது. தலை கார் போன பக்கம். ஸ்தாமென் கூப்பிட்டார். காது மட்டும் அசைந்தது. கயிற்றை ஒருமுறை சுண்டினார், பிறகு நிறுத்திவிட்டார். இழுத்துக்கொண்டு போன நாய் எந்த மந்தைக்கும் உதவியதில்லை என்பது அவருக்குத் தெரியும். மந்தையே இல்லை என்பதும் தெரியும்.

சரளையில் முட்டி போட்டு முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி, அட்டை இருந்த பாக்கெட்டிலேயே திணித்தார்.

"உன் இஷ்டம்" என்றார். எழுந்து நடந்தார்.

பத்தடி, இருபதடி. பின்னால் சரளையில் நகம் உரசும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்போது, திரும்பிப் போக அவர் ஏற வேண்டியிருந்த ரயில் குகையிலிருந்து வெளியே வந்து, பள்ளத்தாக்கு முழுவதையும் சத்தத்தால் அடைத்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கதவோரம் நின்ற ஒரு சீருடை அவருக்குப் பின்னால் எதையோ பார்த்துக் கையை உயர்த்தியது போலிருந்தது. ஸ்தாமென் திரும்பவில்லை. கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் அடங்கட்டும், அப்புறம் நகச் சத்தத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று, அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தார்.