பின் சீட்டு இல்லாத கார்

1

பந்தயத்தைப் பற்றி எழுதப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடொன்றிலிருந்து போய் மண் தடத்தில் கார் ஓட்டி ஜெயித்தவர் புவனேந்திரன். அவரைப் பற்றி ஒரு சஞ்சிகை கட்டுரை கேட்டது. விசாரிக்க அவருடைய பக்கத்து வீட்டு சுபாஜினியிடம் போனேன். மடியில் பிள்ளையோடு அவள் வேறொன்றைச் சொன்னாள்.

“புழுதியைக் கிழித்துக்கொண்டு வெள்ளைக் கார்…” என்று எழுதத் தொடங்கினேன்.

(வேண்டாம். அவள் சொன்ன கதையில் மழை.)

2

பந்தயக் கார் வெளியே பார்த்தால் ரோட்டில் ஓடும் அதே கார்தான். கதவைத் திறந்தால்தான் வித்தியாசம். பாரம் குறைய, ஓட்டுபவரின் சீட்டைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிடுவார்கள். உருண்டால் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு. ஸ்பிரிங்கும் கட்டை மாதிரி இறுகி, குழியெல்லாம் உடம்பில் இடிக்கும்.

(அமெரிக்காவில் பந்தயத்துக்கென்றே கட்டிய காருக்குக் கடையில் விற்கும் காரின் சாயலை மட்டும் மேலே போர்த்தி ஓட்டுகிறார்கள். இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வெட்டினேன். அதற்குள் கதையில் சுபாஜினிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது.)

3

தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. புருஷன் கொழும்பில். அவளுடைய அம்மா மாரியாயி புவனேந்திரன் வாசலுக்கு ஓடினாள்.

“தம்பி, காரை எடுங்க. புள்ளைக்கு வலி வந்திருச்சு.”

“அக்கா… அதுல உக்கார எடமில்லையே.”

“காருன்னா எடமில்லாமலா இருக்கும்?”

“அவர் சற்றும் தயங்காமல்…” என்று எழுதினேன். பொய். தயங்கினார். ஞாயிறு பந்தயம், குழி ரோட்டில் இறக்கினால் கார் கெட்டுவிடும் என்று யோசித்ததாகப் பிறகு அவரே சொன்னாராம்.

கடைசியில் காருக்குள் வெறும் தகரத் தரையில் கம்பளியை விரித்தார்கள். சுபாஜினி கூண்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இடித்தது.

“அண்ணே, மெதுவா…”

“இதுக்கு மேல மெதுவாப் போனா நின்னுரும்மா.”

பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

4

புவனேந்திரன் வார்டுக்குள் வரவில்லை. வெளியே அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோன மாரியாயியின் முகத்தையும் பார்க்கவில்லை.

“நாலு பேரு ஏற வேண்டிய காரை நான்தான்க்கா இப்படி ஆக்குனேன்.”

இதைக் கேட்டுவிட்டு நான் சுபாஜினியிடம் கேட்டது: “ஸ்பிரிங்கை மாத்தியிருந்தாரா?” வலி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அவள் பிள்ளையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றினாள். எனக்குக் காது சுட்டது.

5

சஞ்சிகைக்கு ஏற்ற முடிவு: ஞாயிறன்று ஜெயித்துக் கோப்பையைக் குழந்தையிடம்… (அடித்துவிட்டேன்.) இன்னொன்று: பந்தயத்தையே விட்டுவிட்டார். (அதை நான் எப்படி முடிவு செய்வது?)

நடந்தது இது. சனிக்கிழமை அவர்களைக் கூட்டிப் போகக் காரோடு வந்தார். பின் சீட்டு இருந்தது. முதல் வளைவில் அது ஆடியது.

“அண்ணே, சீட்டு நகருது.”

காரை ஓரம் கட்டினார்.

“போல்ட்டு முறுக்கலம்மா. நாளைக்குக் கழட்டணுமேன்னு…”

மழையில் இறங்கி, ஸ்பானரை எடுத்து, ஒவ்வொன்றாக முறுக்கினார்.

மறுநாள் அவற்றைக் கழற்றினாரா? சுபாஜினிக்குத் தெரியும். இன்னொரு தரம் காரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுந்து வந்துவிட்டேன். பசறைப் பக்கம் போனால் நீங்கள் கேளுங்கள். ஆனால் முதலில் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். நான் அதையும் கேட்கவில்லை.