உதயசூரியனின் எழுபத்தொன்றாவது வயது

கீரமங்கலம் உதயசூரியனுக்கு இருபத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவனுடைய எழுபத்தொன்றாவது வயது ஒரு வெள்ளிக்கிழமை காலை அறந்தாங்கியிலிருந்து வந்த பஸ்ஸில் வந்து இறங்கியது. அன்று கடைவீதியில் மல்லிகை கிலோ நானூற்றைம்பது, சின்னப் பலாப்பழம் எண்பது. வந்தவன் கையில் ஒரு ரெக்ஸின் பை இருந்தது. வயசானவனுக்குப் பாதி டிக்கெட் கிடையாதா என்று கண்டக்டரோடு வழிநெடுகச் சண்டை போட்டுக்கொண்டு வந்து, இறங்கிய பிறகும் படிக்கட்டைப் பிடித்தபடி பத்து நிமிஷம் பஸ்ஸை நிறுத்திவைத்தான். யாரிடமும் வழி கேட்கவில்லை. மேலத்தெருவின் கடைசி ஓட்டுவீட்டுக்கு நேராக நடந்துபோய், கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்த செங்கமலத்திடம், "ஆத்தா, பசிக்குது" என்றான். செங்கமலத்துக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. எழுபத்தொரு வயதுக் கிழவனை மேலும் கீழும் பார்த்தவள், ஐந்து வயதில் நாய் கடித்துப் பிய்ந்த இடது காது மடலைக் கண்டதும் தட்டை எடுத்து வைத்தாள். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிழவன் கேட்ட முதல் கேள்வி: "எனக்குன்னு அவன் என்ன சேத்து வச்சிருக்கான்?"

வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின மாதம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஆத்மநாதன் என்ற கோட்டுப் போட்ட ஆள் எதிர்காலச் சேமிப்பைப் பற்றி இலவசக் கூட்டம் நடத்தினான். இருநூறு பேர் வந்திருந்தார்கள். நூற்றெண்பது பேர் போண்டாவுக்காக. எல்லாரும் கண்ணை மூடுங்கள், உங்கள் எழுபது வயதை நேரில் கூப்பிடுங்கள், அதன் பசியைப் பாருங்கள் என்றான் ஆத்மநாதன். மற்றவர்கள் கண்ணை மூடித் தூங்கினார்கள். உதயசூரியன் ஒருவன்தான் உண்மையாகவே கூப்பிட்டான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஆலங்குடியில் பைக் ஷோரூமில் பதினாலாயிரத்துக்குப் பில் போடுகிறவன் அவன். கஜா புயலில் நாற்பது தென்னை ஒரே ராத்திரியில் சாய்ந்ததையும், அடுத்த வருஷம் அப்பா சாய்ந்ததையும் பார்த்தவன். பயப்படுவதற்கு அவனிடம் தகுந்த காரணங்கள் இருந்தன. ஆனால் தகுந்த காரணத்தோடு பயப்படுகிறவனைத்தான் கோட்டுப் போட்டவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஊர் இதைக் கண்டு வியக்கவில்லை. அந்த ஊருக்கு விசாரிக்கத்தான் தெரியும். வேலை கிடைக்காதவனிடம் வேலை கிடைத்ததா என்றும், கிடைத்தவனிடம் சம்பளம் எவ்வளவு என்றும், சம்பளத்தைச் சொன்னவனிடம் அவ்வளவுதானா என்றும் கேட்டுப் பழகிய வாய்கள் கிழவனிடமும் போய் வரிசையாகக் கேட்டன. பென்ஷன் வருமா? சுகர் இருக்கா? உதயனுக்கு எந்த வருஷம் கவர்மெண்ட் வேலை கிடைக்கும்? இவனே அவன்தானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டீக்கடை ரெங்கராஜ் மட்டும், இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதால் பாக்கி எழுதுவது சிரமம் என்று குறைப்பட்டுக்கொண்டான்.

கிழவன் வீட்டிலிருந்த ஒரே கட்டிலை எடுத்துக்கொண்டான். உதயசூரியன் தரையில் படுத்தான். மாத்திரைக்கு மாதம் இரண்டாயிரம். முட்டை நின்றது. பிறகு சாயங்கால டீ நின்றது. பஸ்ஸுக்குப் பதிலாக அப்பாவின் பழைய சைக்கிளில் ஆலங்குடிக்குப் போனான். ஷோரூமில் புதுப் பைக்குகளுக்கு நடுவில் அந்தச் சைக்கிளை மறைத்து வைக்க இடமில்லாமல் பின்பக்கச் சந்தில் சாத்தினான். சித்தன்னவாசலுக்கு நண்பர்கள் கூப்பிட்டபோது பெட்ரோலுக்குத் தன் பங்கு நூறு ரூபாய் என்பதால் வயிற்றுவலி என்றான். கிழவனோ காலையில் எழுந்ததும் முதலில் தன் விலாவைத் தடவிப் பார்ப்பான், பிறகு பையனின் முகத்தைப் பார்ப்பான், "நான் பட்டினி கெடந்து சாகணும், அதானே?" என்பான். ஒரு வருஷம் இது நடந்தது. மிச்சம் பிடித்த அறுபத்திரண்டாயிரத்தை உதயசூரியன் இருவருக்கும் பொதுவான அந்தப் பெயரிலேயே வங்கியில் போட்டான். தன் வாழ்க்கை கடைசியில் ஓட்டைப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கும் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்ட பிறகு, இருபத்தேழு வயதுக்காரன் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது என்று அவன் நினைத்தான். இதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்து அத்தனை பேரும் பாராட்டினார்கள்.

ஆலங்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த பிரகதீஸ்வரி பாராட்டவில்லை. அவளும் அவனும் ஒரே பஸ்ஸில் போய்வந்து பழகியவர்கள். இரண்டு வருஷமாகக் கல்யாணப் பேச்சை அவள் எடுப்பதும், பார்க்கலாங்க என்று அவன் சொல்வதுமாக இருந்தது. கிழவன் வந்த பிறகு பார்க்கலாம் என்பதும் நின்றுவிட்டது. "கல்யாணம்னா எட்டு லட்சம். அதை அப்படியே வங்கியில போட்டா நாப்பத்தஞ்சு வருஷத்துல எவ்வளவு தெரியுமா?" என்று கிழவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அவள் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐப்பசியில் செங்கமலத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் கஷாயம், மாத்திரை என்று ஓட்டினார்கள். லீவு போட்டால் நாளுக்கு நானூற்று அறுபத்தாறு ரூபாய் பிடிப்பார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கிழவன் சொன்னான், உதயசூரியன் தலையாட்டினான். வியாழக்கிழமை சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு வந்த பிரகதீஸ்வரி, கேட்காமலே ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"டெங்கு. ரத்தத்துல தட்டணு ஒன்னர லட்சம் இருக்கணும், இருபத்திரெண்டாயிரந்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காது. ஒடனே கார் சொல்லுங்க."

"காருக்கு ஆயிரத்தி ஐநூறு கேப்பான்" என்றான் கிழவன் கட்டிலில் இருந்தபடி. "லீவு வேற. இன்னும் ரெண்டு நாள்தான? பாத்துக்கலாம்."

உதயசூரியன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அழைக்கவில்லை. பிரகதீஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தலைமாட்டிலிருந்த ரெக்ஸின் பையை உருவினாள். கிழவன் பாய்ந்து பிடித்தான்; ஊசி போட்டுப் பழகிய கை அவளுடையது, மணிக்கட்டில் ஓர் அழுத்து அழுத்தியதும் விட்டுவிட்டான். பையை அவள் தரையில் கொட்டினாள். கிழிந்த துண்டு ஒன்று, மாத்திரை அட்டைகள், இதுவரை யாரும் பார்த்திராத ஊதா நிறத்தில் ஒரு கட்டு நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஏழு பாஸ்புக்குகள். கடைசிப் பதிவு இரண்டாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷத்தது. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டுக் கூட்டினாள். ஒன்பது கோடியே நாற்பது லட்சம்.

"இவ்வளவு இருந்துமா?" என்றான் உதயசூரியன்.

"பத்தலன்னா என்ன பண்றது?" என்றான் கிழவன்.

பிரகதீஸ்வரி அதுவரை அந்த வீட்டில் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. பாஸ்புக்கைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: "ஒன் ஆத்தா எப்ப செத்தாங்க? ஒனக்குத் தெரியுமில்ல, சொல்லு."

கிழவன் காகிதத்தைப் பார்த்தான். உள் அறையில் செங்கமலம் முனகுவது கேட்டது.

"இந்தக் காச்சல்லதான்" என்றான். "ஞாயித்துக்கெழம வெள்ளன."

சொன்ன குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதை நாற்பத்தைந்து வருஷம் பழைய சங்கதியாக வைத்திருந்தான். அதே சங்கதி அடுத்த அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதும், வந்து உட்கார்ந்து அவள் கையால் ஒரு வருஷம் சோறு வாங்கித் தின்றும், ஆயிரத்து ஐநூறை மட்டும்தான் அவனால் எண்ண முடிந்தது. உதயசூரியனுக்கு அழுகை வரவில்லை. கெட்டுப்போன குழம்பை வாயில் வைத்ததுபோல முகம் கோணியது. கையிலிருந்த செல்போனில் காருக்குச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குனிந்து அம்மாவைத் தூக்கினான். வந்த கார்க்காரன் ஊதா நோட்டை வாங்க மறுத்துவிட்டான். அதில் கையெழுத்துப் போட்ட ரிசர்வ் வங்கி கவர்னர் இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். கிழவனுக்கென்று சேர்த்த கணக்கிலிருந்து பணம் போனது. கார் தெரு திரும்பும்வரை கிழவன் வாசலில் நின்று, "பில்லு வாங்கிக்க!" என்று கத்தினான்.

செங்கமலம் ஒன்பது நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளன நான்கு மணிக்கு அவளுக்கு மூச்சுத் திணறியது. டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்ததால் ஐந்து மணிக்குச் சரியானது, ஆறு மணிக்கு இட்லி கேட்டாள். வீட்டுக்கு வந்தபோது கிழவன் அப்படியேதான் கட்டிலில் இருந்தான். தாய் பிழைத்ததால் அவன் கரைந்துபோகவும் இல்லை, திருந்தவும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு என்று கேட்டான். உதயசூரியன் அவனை எழுப்பிவிட்டுக் கட்டிலை அம்மாவுக்குப் போட்டான். செங்கமலம் கிழவனுக்கும் ஒரு தட்டில் கஞ்சி ஊற்றச் சொன்னாள். அவள் காதில் அன்றைக்கு என்ன விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தை மாதம் நாற்பது பேரைக் கூப்பிட்டுக் கோயிலில் கல்யாணம் நடந்தது. எட்டு லட்சம் ஆகவில்லை, எழுபதாயிரம் ஆயிற்று. கிழவன் முதல் பந்தியிலும் மூன்றாவது பந்தியிலும் சாப்பிட்டான், மொய் வைக்கவில்லை. உதயசூரியனின் சம்பளம் அதற்குப் பிறகு ஆயிரம் ரூபாய்தான் ஏறியது; பயமும் விட்டுப்போகவில்லை. ஆனால் பயம் வரும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து விலாவைத் தடவிக்கொண்டிருக்கும் முகத்தை ஒரு தரம் பார்ப்பான், அருவருப்பில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போட்டுவைத்தான், அவ்வளவுதான். பாஸ்புக்கில் எண்கள் ஏதும் மாறியதா என்று பார்க்க அவன் அந்தப் பையைத் திறக்கவே இல்லை. பிரகதீஸ்வரி சும்மா இருக்கவில்லை. "இங்கிட்டு ஒக்காந்து தின்னது போதும், அங்கிட்டுப் போயி நாலு காசு கொண்டா" என்று கிழவனைப் பூக்கடைக்கு அனுப்பினாள். மல்லிகை மொக்கு பொறுக்கினால் நாளுக்கு நூற்றிருபது. அவனுக்கு அது பிடித்திருந்தது. கூலியை வாங்கியதும் மூன்று முறை எண்ணுவான்.

அடுத்த வருஷம் வீடு வீடாக ஆள் கணக்கெடுக்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் மணிமேகலை வந்தாள். செங்கமலம், வயது ஐம்பத்தொன்று. உதயசூரியன், இருபத்தெட்டு, மகன். பிரகதீஸ்வரி, மருமகள். பிறகு மூலையில் காசு எண்ணிக்கொண்டிருந்தவனைப் பேனாவால் காட்டி, "இவரு யாருங்க?" என்றாள்.

"அதுவும் நான் பெத்ததுதான்" என்றாள் செங்கமலம்.

உதயசூரியன், எழுபத்துமூன்று, மகன் என்று எழுதிக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போனாள்.